நீரமுக்கமும் குழாயிணைப்பும்

மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றின் அடிவாரத்தே, கி. பி. 5ஆம் நூற்றாண்டிற் காசியப்ப மன்னன் அமைத்த நீர்ப்பூங்கா உளது. அங்கே துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளினூடாக நீரெழும் ஊற்றுக்கள் மாரிகாலத்தில் இன்றும் இயங்குகின்றன. அவற்றை இயக்குவது பொறியன்று. உயர்ந்த இடத்து நீர் நிலத்தடிக் குழாய்வழியே இறங்குகையில் உண்டாகும் அமுக்கமேயாம். பத்து மீற்றர் உயர நீர்நிரல் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும்.

நீரைக் குழாய்வழிச் செலுத்தும் இக்கலை இக்காலத்துக் கணினியுள்ளும் புகுந்துளது. பம்பி செலுத்தும் நீர் செயலியின்மேற் பொருந்திய செப்புக் கட்டையிலே வெப்பத்தை ஏற்று, விசிறி பூண்ட கதிர்த்தியிலே அதனை இழந்து, மீண்டும் பம்பியை அடைகின்றது. ஆயின், இங்கு ஒரு வேறுபாடு உண்டு. இது மூடிய சுற்று. ஏறும் நீரின் பாரத்தை இறங்கும் நீரின் பாரம் ஈடுசெய்யும். ஆதலின், சுற்று நீரால் நிறைந்தபின் உயரம் ஒரு பொருட்டன்று. பம்பி வெல்லவேண்டியது உராய்வு ஒன்றையே.

இதனை உணராதார் பம்பியிற் குறித்த எண்களைக் கண்டு மயங்குவர். அங்குக் கூறப்படும் உச்ச அமுக்கம் பாய்ச்சல் முற்றாக நின்றவிடத்து உண்டாவது. உச்சப் பாய்ச்சல் தடை யாதும் இல்லாவிடத்து உண்டாவது. இரண்டும் ஒருங்கே வாரா. மேலும், பாய்ச்சலை இருமடங்காக்கின் உராய்வு ஏறத்தாழ நான்மடங்காகும். செங்கோண வளைவுகளும் ஒடுங்கிய இணைப்பிகளும் அதனைப் பின்னும் மிகுவிக்கும்.

இத்துணை முயன்று பெறும் பயன் யாது? 200 உவாற்று வெப்பத்தை நிமிடத்துக்கு 4 இலீற்றர் நீர் கொண்டுசெல்லின், அந்நீரின் வெப்பநிலை 0.7 பாகை அளவே உயரும். பாய்ச்சலை இரட்டித்தால் அது 0.35 பாகையாகும். எனவே, வலிய பம்பியை நாடுதலினும் வளைவுகளைக் குறைத்தலே அறிவுடைமை.

இணைப்பிகளிலே நீரைத் தடுப்பது புரியன்று, இறப்பர் வளையமே. கையால் இறுக்கியபின் சிறிதளவு இறுக்குதல் போதும். மிகையாய் இறுக்கின் வளையம் நசியும், பிளாத்திக்கு வெடிக்கும். நீர்க்கலம் பம்பிக்கு மேலே அமைதல் வேண்டும். நீரின்றிச் சுழலும் பம்பி விரைவிற் பழுதுறும்.

கணினிக்கு மின்னூட்டுமுன் பம்பியை மட்டும் சில மணிநேரம் இயக்கி, ஒவ்வோர் இணைப்பின்கீழும் உலர்ந்த தாளை இட்டுச் சோதித்தல் வேண்டும். மாணாக்கர் பலர் சேர்ந்து வாங்கிய கணினியைக் கெடுத்தற்கு ஒரு துளிக் கசிவே அமையும். அத்துளியைக் காட்டுதற்கு அத்தாளே போதும்.