சுண்ணாம்பு முதலில், உப்பு அப்புறம்

கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிற எல்லாரும் மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பார்கள். பஸ் ஜன்னல் வழியாக ஒரு வெள்ளை அம்பாரம், கண் கூசும் வெளிச்சம், அவ்வளவுதான். இன்றைக்கு நாம் வரப்புக்கு உள்ளேயே வந்துவிட்டோம்! வெயில் ஏறினால் தாங்கமாட்டீர்கள் என்று விடியற்காலையிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சேறு பிடுங்கிக்கொள்ளும்.

மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, ஓட்டை வாளி, கயிற்றில் காயும் துண்டு, ஆணியில் தொங்கும் சோற்றுத் தூக்கு. பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர் இது. உப்பங்கழித் தண்ணீரை இழுத்துப் பெரிய பாத்தியில் விடுகிறார்கள். வற்ற வற்ற அடுத்த பாத்திக்கு, பிறகு அதற்கடுத்ததற்கு. இதுவரை ஒரு கல் உப்பைக்கூடக் காணோம்!

"டிகிரி பாக்கலாமா சார்?" என்கிறார் பாத்தி பார்க்கும் அண்ணன். பழந்துணிச் சுருளிலிருந்து கண்ணாடிக் குழாய் ஒன்று வெளியே வருகிறது. குவளைத் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. தண்ணீர் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு டிகிரி; கடல்நீர் 3.5 காட்டும். இந்தப் பாத்தி 15-ஐத் தாண்டிவிட்டது. அடியில் கை விட்டு ஒரு வெள்ளைத் துணுக்கை எடுத்து நீட்டுகிறார்: "நாக்குல வச்சுப் பாருங்க."

சப்பென்று இருக்கிறது! நறநறவென்று மண் மாதிரி. வரப்பு முழுக்கச் சிரிப்பு. புதிதாக வருகிற எல்லாருக்கும் இந்த மரியாதை உண்டாம். "அது ஜிப்சம் சார். சிமெண்ட்டுக்குப் போறது."

எனக்கு இங்கேதான் குஷி தலைக்கேறியது. ஜிப்சத்தில் இருப்பது கால்சியம்! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வெளிநாடுகளில் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்கு அந்த எண் இறங்கினால் தூக்கம் போய்விடும். பவளம் தன் கூட்டைக் கட்டக் கால்சியத்தை உறிஞ்ச உறிஞ்ச, சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். (நம் நாட்டில் கல்பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் காவல் உண்டு, ஆசைப்படாதீர்கள்.) இங்கே நேர் எதிர்! கால்சியத்தை வழியிலேயே இறக்கிவிடத்தான் இத்தனை பாத்தி. சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், முதலில் படியும், அப்புறம் ஜிப்சம். தண்ணீர் 25 டிகிரியை எட்டிய பிறகுதான் உப்புப் பாத்தியின் மடை திறக்கும். அவசரப்பட்டால் உப்பில் ஜிப்சம் கலந்துவிடும். 30 வரை தூங்கிவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். அதனால் கடைசிக் கசப்புத் தண்ணீரை வடித்து வெளியே விட்டுவிடுகிறார்கள். இவ்வளவு ரசாயனத்துக்கும் ஆய்வுக்கூடம் அந்தப் பழந்துணிச் சுருள்தான்.

உப்புப் பாத்திக்கு வாருங்கள், மெதுவாக. தரை சிமெண்ட் போட்டதுபோல் இறுகியிருக்கிறதே? அத்தனையும் காலால் மிதித்தது! மழை முடிந்து சீசன் தொடங்கும்போது வரிசையாக நின்று, நாள் கணக்கில் மிதிப்பார்கள். பழைய காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டிருக்கும் அக்கா ஒருவர் குதிகாலைத் திருப்பிக் காட்டுகிறார். வெடிப்புக்குள் உப்பு இறங்கியிருக்கிறது. "ராத்திரி தேங்கா எண்ணெ தடவுவேன், காலைல மறுபடி இதுக்குள்ளதான்." சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார்; எனக்குச் சிரிக்க வரவில்லை.

வானத்தில் ஒரு துண்டு மேகம். எனக்கு நிழல் கிடைத்த சந்தோஷம், அவர்களுக்கு முகம் சுண்டுகிறது. ஒரு மழை அடித்தால் போதும், வாரக்கணக்கில் ஏற்றிய டிகிரி இறங்கிவிடும். நல்லவேளை, மேகம் கழுவெளி ஏரிப் பக்கம் நகர்ந்தது. டீ வந்தது. சர்க்கரை தூக்கல்.

கடைசியாக வாருபலகையை என் கையில் கொடுத்தார்கள். இழுத்தேன். அசையவில்லை. மறுபடி இழுத்தேன், நான்தான் முன்னால் போனேன். அக்கா பலகையை வாங்கிக்கொண்டார்: "நீங்க போட்டோவுக்கு நில்லுங்க சார், உப்ப நாங்க வார்றோம்."