படச்சுருளும் பயணமும்

தொட்டியத்து வாழைத் தோட்டங்களைக் கடந்து, மாலை வேளையில் காவிரிக் கரையில் நிற்பவர், நீரில் படியும் செவ்வொளியைக் கண்டு மகிழ்வர். வீடு திரும்பி அக்காட்சியைப் பிறர்க்கு உரைக்கப் புகின், சொல் போதாமை விளங்கும். உள்ளூர்க் காட்சிக்கே இந்நிலை எனின், கடல் கடந்த நகரங்களையும் துறைமுகங்களையும் இங்குள்ளோர்க்கு எங்ஙனம் காட்டுவது? இக்குறையைப் பெரிதும் நீக்கியது புகைப்படக் கலையாகும்.

மாணவர்களே! படச்சுருள் என்பது யாது? ஒளி ஊடுருவும் மெல்லிய நாடாவின்மீது வெள்ளி உப்புக்கள் கலந்த பசை பூசப்பட்டிருக்கும். கருவியின் கதவம் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடினும், உட்புகுந்த ஒளி அவ்வுப்புக்களில் பதிந்துவிடும். ஆயினும் அப்பதிவு கண்ணுக்குப் புலனாகாது. இருளில் உரிய மருந்துநீரில் நனைத்த பின்னரே உருவம் வெளிப்படும். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெண்மை கருமையாகவும், கருமை வெண்மையாகவும் தோன்றும். அதனைத் தாளில் மீண்டும் பதிக்க, உண்மை உருவம் கிட்டும்.

35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றில் பொதுவாக 36 படங்களே எடுக்கலாம். ஆதலின் பயணி ஒவ்வொரு படத்தையும் எண்ணியே எடுத்தல் வேண்டும். கடற்கரையிலோ விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். வெண்மணலும் அலைநீரும் ஒளியைத் திருப்பி வீசுதலால் ஒளிமானி ஏமாறும். அது காட்டும் அளவையே நம்பினால், மணல் சாம்பல் நிறமாகும். மனிதர் முகம் கறுத்துப் போகும். இதனை அறிந்தோர் சற்று மிகுதியான ஒளியை உள்ளே விடுவர்.

இக்கலையைக் கைக்கொண்டு உலகைச் சுற்றிய தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த அவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் அவர்க்கு உதித்தது. பல நாடுகளில் பலர் எடுத்திருந்த சுருள்களைத் தேடி அலைந்தார். ஏறத்தாழ 50,000 அடிச் சுருளைத் திரட்டினார். அதிலிருந்து தொகுத்த படம் 1940ஆம் ஆண்டு தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. அவர் நடத்திய 'குமரி மலர்' இதழும், எழுதிய பயண நூல்களும் தமிழர்க்குப் பிற நாடுகளை அறிமுகம் செய்தன.

ஆயின், அத்துணை அரும்பாடுபட்டுச் சேர்த்த படத்தின் தமிழ் வடிவம் பிற்காலத்தில் கிடைக்காமற் போயிற்று. அமெரிக்காவில் 1953இல் வெளியான ஆங்கில வடிவத்தின் சுருக்கமே பின்னாளில் கண்டெடுக்கப்பட்டது. வெப்பமும் ஈரமும் சுருளுக்குப் பகை. மக்களின் அசட்டையோ அவற்றினும் கொடும்பகை.

எண்முறைக் கருவிகள் மலிந்த இந்நாளில், ஒரே நாளில் நூறு படம் எடுத்தல் எளிது. எடுத்ததைக் காத்தலே அரிது. உங்கள் வீட்டுப் பேழையில் பழைய சுருளோ படமோ இருக்குமாயின், அதனைக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். அதிலுள்ளார் யார், எவ்வூர், எவ்வாண்டு என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் மறைந்தபின் கேட்பதற்கு ஆளிரார்.