நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின்

மாப்பிள்ளையூரணி பக்கம் உப்பளக் காற்றில் மீன்பெட்டி சுமந்து ஓடும் பழைய டிவிஎஸ் எக்ஸெல்களை இன்றும் பார்க்கலாம். “அண்ணாச்சி, ரேஸ் குடுத்தா ஓடுது, விட்டா ஆஃப் ஆயிருது” என்று பட்டறையில் நிறுத்துவார்கள். மெக்கானிக் காதைச் சாய்த்துக்கொண்டு, கார்ப்பரேட்டரில் ஒரு திருகைக் கால் சுற்று திருப்புவார். வண்டி சீராகத் துடிக்கத் தொடங்கும்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஒரு லிட்டருக்குக் கணக்கிட்டால் 9,000 லிட்டருக்கு மேல் காற்று! வண்டி ஓடும்போது இந்தக் கலவை தானாகவே அமைகிறது. கார்ப்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமாகப் பாயும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் மேலேறித் தூறலாகக் கலக்கும்.

ஆக்சிலேட்டரை விட்டதும் சிக்கல் வருகிறது. காற்று செல்லும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. மயிரிழை இடுக்கில் நுழையும் காற்றால் பிரதான ஜெட் என்னும் துளையிலிருந்து பெட்ரோலை இழுக்க முடியாது. ஆனால் அடைப்புக்குப் பின்னால், எஞ்சின் பக்கம், உறிஞ்சும் விசை பலமாக இருக்கிறது. அங்கே ஊசித்துளை போன்ற ஒரு தனிப் பாதை திறக்கிறது. அதற்குப் பெட்ரோலை அளந்து விடுவது ஸ்லோ ஜெட். சும்மா நிற்பதற்கென்றே தனி ஏற்பாடு செய்த அந்த மூளையை நான் எப்போதும் வியக்கிறேன். நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் நொடிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு முறை அந்தத் துளையை நம்பிக் கலவை எரிகிறது.

திருகுகள் இரண்டு. ஒன்று அடைப்பைச் சற்றுத் தூக்கி வேகத்தைக் கூட்டும். மற்றொன்று கலவையை மாற்றும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கலவைத் திருகை மெல்லத் திருப்பி வேகம் அதிகபட்சமாகும் இடத்தைக் காண வேண்டும். பிறகு முதல் திருகால் வேகத்தை இறக்க வேண்டும். கலவை கெட்டிருக்கும்போது வேகத்தை மட்டும் ஏற்றிவிடுவது நோயை மறைப்பதுதான். பெட்ரோல் வீணாகும், புகைச் சோதனையிலும் மாட்டும். அந்தச் சோதனை நடப்பதே வண்டி நிற்கும் இந்த நிலையில்தான்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், புதிய வண்டிகளில் பெரும்பாலும் கணினியே கலவையைச் சரிசெய்யும் வேலையைச் செய்கிறது. பழைய வண்டிக்கோ கூடுதல் சோதனை: இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது தன்னுள் ஆக்ஸிஜன் கொண்டது. கலவை காற்று மிகுந்ததாகிவிடும். ஈரத்தையும் ஈர்க்கும். கடற்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? நாள்பட நிற்கும் பெட்ரோல் பிசினாகி முதலில் அடைப்பது ஸ்லோ ஜெட்டைத்தான். அப்போது எந்தத் திருகும் உதவாது, கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.