மூவர் கோயில்: அடித்தளம் கூறும் வரலாறு

வானளாவ நிற்கும் கோபுரங்கள் மட்டுமல்ல, தரையோடு தரையாய்க் கிடக்கும் கற்களும் வரலாற்றுச் சான்றுகளே. இதற்குக் கொடும்பாளூர் தக்க எடுத்துக்காட்டாகும். மணப்பாறைக்குத் தென்கிழக்கே, விராலிமலையை அடுத்துள்ள இச்சிற்றூர், முற்காலத்தில் இருக்குவேளிரின் தலைநகராக விளங்கியது. மதுரைக்குச் செல்லும் வழியில் உள்ள ஊராகச் சிலப்பதிகாரமும் இதனைச் சுட்டுகிறது.

சோழர்க்குத் துணைநின்ற இருக்குவேள் மன்னன் பூதி விக்கிரமகேசரி இங்கு மூவர் கோயிலை எடுப்பித்தான். அதன் காலம் 9ஆம் நூற்றாண்டின் இறுதி என்பாரும் 10ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். தன் பெயராலும், தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் அவன் மூன்று விமானங்களை அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெருமடம் ஒன்றை அளித்ததையும், துறவியர் 50 பேருக்கு உணவளிக்க 11 ஊர்களை வழங்கியதையும் அது தெரிவிக்கிறது.

இன்று நடு விமானமும் தென் விமானமும் மட்டுமே நிற்கின்றன. வட விமானத்தில் எஞ்சியது அதிட்டானம் எனப்படும் அடித்தளமே. எனினும், மூன்றும் ஒரே வரிசையில் மேற்கு நோக்கி அமைந்தவை என்பதை அவ்வடித்தளமே மெய்ப்பிக்கிறது. சுற்றிலும் 15 சிற்றாலயங்கள் இருந்தமையையும் அவற்றின் அடித்தளங்களே காட்டுகின்றன. அருகிலுள்ள ஐவர் கோயிலும் அடித்தள அளவிலேயே எஞ்சியுள்ளது.

இத்தகைய சிதைவுகள் பிற நாடுகளிலும் உண்டு. அயர்லாந்தில் சானன் ஆற்றங்கரையில் உள்ள குளோன்மக்னாய்ஸ், 6ஆம் நூற்றாண்டில் தோன்றிய கிறித்தவத் துறவியர் மடமாகும். கூரையிழந்த தேவாலயங்களுக்கிடையே அங்குக் கிடைத்த நூற்றுக்கணக்கான கல்லறைப் பலகைகள் பலவற்றில், இறந்தவரின் பெயரும் அவருக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்கும் சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மடத்தின் வாழ்வை அங்கே கல்லறைப் பலகைகளும் இங்கே கல்வெட்டும் உணர்த்துகின்றன.

மூவர் கோயிலை இன்று இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. ஆனால், வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் காப்பாரின்றிக் கிடக்கும் கற்கள் பல. ஒரு கல் எங்கே, எந்தத் திசையில், எதனை ஒட்டி இருந்தது என்பதே அதன் பொருளை உணர்த்துகிறது. வீட்டுச் சுவருக்கோ படித்துறைக்கோ அதனைப் பெயர்த்தெடுத்தால், கல் எஞ்சும். அது கூறும் செய்தி அழியும். வட விமானத்தின் அடித்தளமும் அவ்வாறு பெயர்க்கப்பட்டிருந்தால், கல்வெட்டு கூறும் மூன்றாம் விமானம் எங்கிருந்தது என்பதற்குத் தரையில் சான்று இருந்திராது. கற்களை அவை கிடந்த இடத்திலேயே காப்பது வரலாற்றைக் காப்பதாகும்.