தாய்வீட்டுப் பாதையில் நின்ற வண்டி

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு ஒன்றே: ஊருக்குப் போவது எப்படி? இரயிலில் இடம் பெற்றவர் பாக்கியசாலிகள். இரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நமக்கே காத்திருப்போர் பட்டியலில் நூறாவது எண் வாய்ப்பதுண்டு என்றால், மற்றவர் நிலையை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டு மூன்று குடும்பத்தார் ஒன்றுகூடி ஒரு டெம்போ டிராவலரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, அரிசியும் அடுப்புமாகப் புறப்பட்டு விடுகிறார்கள். படுக்கையும் சமையலறையும் உள்ள கேரவன் வண்டிகளைப் பற்றிய பேச்சும் இப்போது அடிபடுகிறது. 2021-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசும் கேரள அரசும் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளே வகுத்தன.

பிரயாணம் சிறியதன்று. புனேயிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டர். அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலத்திற்கு மேலும் சுமார் 200. இவ்வளவு தொலைவில் யந்திரம் எங்கேனும் முரண்டு பிடிப்பது இயல்பே. அது எங்கே பிடிக்கும் என்பது நம் கையில் இல்லை. பிடிக்கும்போது நாம் என்ன செய்வோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

முதற் பிரயாணமே பழுதுப் பிரயாணம்

மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் சென்ற முதல் மனிதர் ஒரு பெண்மணி; அவர் சென்றதும் தாய்வீட்டிற்கே! 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மனி தேசத்தில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பியின் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பி தேய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றிக் காப்பிட்டார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். மேட்டில் வண்டி ஏற மறுத்தபோது மைந்தர் இறங்கித் தள்ளினர். பிரேக்குக் கட்டை தேய்ந்ததைக் கண்டு, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதற்குத் தோல் தைப்பித்தார். அப்பிரயாணத்தின் பயனாகவே மேடேறுவதற்கென ஒரு கியர் பின்னர் வண்டியில் சேர்க்கப்பட்டது.

அவ்வம்மையாரின் சாமர்த்தியத்தைக் காட்டிலும் பெரிது அவருடைய கவனம். குறை சிறிதாக இருக்கும்போதே அவர் வண்டியை நிறுத்தினார்.

கம்பட்கியில் நாங்கள் பெற்ற பாடம்

இரண்டாண்டுகளுக்கு முன் மே மாதத்தில் நாங்கள் பதினொரு பேர் புறப்பட்டோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சேலத்திற்கு அருகே குலதெய்வக் கோயிலில் ஒரு வயதுக் குழந்தைக்குக் காது குத்த முகூர்த்தம். காலை பத்து மணிக்குக் கிளம்பினோம், சாரதிகள் இருவர். சிரவல் தாண்டிக் கம்பட்கி மலையேற்றம் தொடங்கியபோது உச்சி வெயில். முதலில் குளிர்சாதனக் காற்று வெதுவெதுப்பாயிற்று. பிறகு வெல்லப் பாகு காய்வது போன்றதொரு மணம். வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது.

“மேடு முடிந்தால் சரியாகிவிடும்” என்றார் சாரதி. நாங்களும் முகூர்த்தத்தை எண்ணி, “போகலாம், போகலாம்” என்றோம். பின் இருக்கையிலிருந்த பாட்டி ஒருவர்தாம், “கொதிக்கிற உலையை முதலில் அடுப்பைவிட்டு இறக்குங்களப்பா” என்றார். அந்தச் சொல்லால் வண்டி நின்றது.

நின்றதும் இன்னொரு தவறு நிகழ இருந்தது. எங்களுள் ஓர் இளைஞர் ஈரத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். சாரதி பாய்ந்து அவர் கையைப் பற்றினார். ரேடியேட்டரில் உள்ள நீர் அழுத்தத்தில் இருப்பதால்தான் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கி, அவ்வளவும் ஆவியாய்ச் சீறி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை வார்த்தால் உலோகம் வெடிப்பதும் உண்டு.

அருகே வயலிலிருந்த மராட்டியக் குடியானவர் ஒருவர் கேட்காமலே இரண்டு குடம் நீரும் பாக்ரியும் கொண்டுவந்து, குழந்தையை மர நிழலில் கிடத்தச் சொன்னார். மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார். ரேடியேட்டரின் இரப்பர்க் குழாய் பழையதாகி விரிந்திருந்தது, அவ்வளவே. அக்குழாயின் விலை எங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. புறப்படுமுன் ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் ஐந்து மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

ஏற்றத்தினும் கொடிது இறக்கம்

ஏற்றத்தில் வரும் பழுது வண்டியை நிறுத்தும். இறக்கத்தில் வரும் பழுது நிறுத்தவிடாது. நம் பாதையில் போகும்போது தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இறக்கம். திரும்பும்போது கம்பட்கிச் சுரங்கம் தாண்டியதும் ஓர் இறக்கம். இறுதியில், வீடு வந்துவிட்டது என்று மனம் தளரும் வேளையில், காத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை நீண்ட சரிவு. 2022 நவம்பரில் இச்சரிவில் ஒரு கனரக வண்டி கட்டுக்கடங்காமல் பல வண்டிகளை மோதியதைப் புனேவாசிகள் மறந்திரார்.

டீசலை மிச்சப்படுத்தச் சரிவில் நியூட்ரலில் விடுவதும், எஞ்சினையே அணைத்துவிடுவதும் சிலரது பழக்கம். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் அப்பிடி விட்டுப்போய், முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. இடைவிடாது அழுத்தினால் பிரேக்குப் பட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன. எஞ்சினை அணைத்தாலோ, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அது தரும் துணையும் அற்றுப்போகிறது. எந்தக் கியரில் மேடு ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது பழைய சாரதிகளின் விதி. கேரவன் போன்ற கனத்த வண்டிகளுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

இரயில்வேயில் இதனை அனுபவத்தால் கற்றிருக்கிறார்கள். லோணாவளாவுக்குக் கீழே போர்க் கணவாயில் 37 அடிக்கு 1 அடி சரிவு. இறங்கும் வண்டிகள் இடையிடையே நின்று பிரேக்கைச் சோதித்த பின்னரே மேற்செல்லும். கட்டு மீறும் வண்டியைத் தடுக்க மேட்டில் ஏறும் தனிப்பாதைகளும் உண்டு. அவ்வாறு நிற்பதை எவரும் தாமதம் என்று கருதுவதில்லை. அதுவும் கால அட்டவணையில் சேர்ந்ததே. நம் சாலைப் பிரயாணத்திலும் நிற்கும் நேரத்தை முன்னதாகவே கணக்கில் சேர்த்துவிட்டால், சாரதியை விரட்டும் தேவை எழாது.

புறப்படுமுன்னும் நின்றபின்னும்

வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்றஞ்சிக் காற்றைக் குறைப்பார் பலர். இது முற்றிலும் தவறு. காற்றுக் குறைந்த டயரே அதிகம் மடங்கி நெளிந்து, அதனாலேயே சூடேறி வெடிக்கிறது. வண்டியில் குறித்துள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புவதே முறை. டயரின் வயதையும் பார்த்தல் வேண்டும். அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்தது என்று பொருள். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர் நூற்றில் ஒருவரே.

வண்டி நின்றுவிட்டால் இயன்றவரை இடப்புறம் ஓரங்கட்டி, நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும். குழந்தைகளையும் முதியோரையும் வண்டிக்குள்ளோ வண்டிக்குப் பின்னாலோ இருத்தலாகாது. தடுப்புக் கம்பிக்கு அப்பால் அமர்த்த வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் உதவி வண்டி வரும். அழைக்குமுன் அருகிலுள்ள கிலோமீட்டர்க் கல்லைப் படித்து வைத்துக்கொள்க.

எங்கள் கதையின் முடிவையும் கூறிவிடுகிறோம். கோயிலை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது, முகூர்த்தம் தவறியது. உறவினர் சிலர் முகம் சுளித்தனர். பாட்டி மட்டும் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, “மாலையில் குத்தினாலும் காது காதுதானே! குத்துவதற்குப் பிள்ளை பத்திரமாய் வந்து சேர்ந்ததே, அதைப் பாருங்கள்” என்றார். விளக்கேற்றும் வேளையில் காது குத்தியாயிற்று.

இவ்வாண்டு புறப்படும் அன்பர்கள் புளிச்சோற்று மூட்டையைக் கட்டுவதற்கு முன், ஒரு முறை குனிந்து வண்டியின் குழாய்களையும் பார்த்துவிடுவார்களாக.