மூத்தவன் முதலில்: தொல் கல்வெட்டுகள் காட்டும் இரு தெய்வ வழிபாடு

சமய வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் நூல்களையே நாடுகின்றனர். ஆயினும் பழைய நூல்கள் பல தலைமுறைகளாக ஓதப்பட்டும் படியெடுக்கப்பட்டும் வந்தவை. அவற்றின் ஒவ்வொரு பகுதியும் எக்காலத்தது என்று துணிவது கடினம். தொடக்கக் காலக் கோயில்களோ மரத்தாலும் செங்கல்லாலும் அமைந்து அழிந்துபோயின. கல்லில் வெட்டிய எழுத்து அவ்வாறன்று. வெட்டிய நாளின் மொழியையும் வடிவத்தையும் அது தாங்கி நிற்கிறது. ஆதலால் கிறித்துவுக்கு முற்பட்ட சில கல்வெட்டுகள், வரிகள் சிலவே உடையன எனினும், பெருஞ்சான்றாகின்றன. வாசுதேவன், சங்கர்ஷணன் ஆகிய இருவரின் வழிபாட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். தமிழ் மரபில் மாயோன் என்றும் வாலியோன் என்றும் வழங்கும் கண்ணனும் பலராமனுமே இவ்விருவர்.

மத்தியப் பிரதேசத்தில், விதிஷாவை அடுத்த பெஸ்நகரில் ஒரு கல்தூண் நிற்கிறது. 1877இல் அதனைக் கண்ட கன்னிங்ஹாம், அதன் வடிவத்தை நோக்கிக் குப்தர் காலத்ததாக இருக்கலாம் எனக் கருதினார். ஊர் மக்கள் வழிபட்டுப் பூசிய செந்தூரம் தடித்துப் படிந்து, எழுத்துகளை மறைத்திருந்தது. 1909இல் அப்பூச்சு நீக்கப்பட்டபோது பிராமி எழுத்தில் அமைந்த பிராகிருத வாசகம் வெளிப்பட்டது. தூணின் காலம் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் சென்றது.

அவ்வாசகம் கூறும் செய்தி இது. தேவதேவனாகிய வாசுதேவனுக்கு இக்கருடத் தூணை நிறுவியவர் ஹெலியோடோரஸ். இவர் தட்சசீலத்தைச் சேர்ந்தவர். ஆன்டியால்கிடாஸ் என்னும் கிரேக்க மன்னரின் தூதராகப் பாகபத்திரன் என்ற அரசனிடம் வந்தவர். தம்மைப் ‘பாகவதர்’ என்று கூறிக்கொள்பவர். ஆன்டியால்கிடாஸ் வெளியிட்ட நாணயங்கள் கிடைத்துள்ளன. அவற்றாலும் எழுத்தமைதியாலும் இத்தூண் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது எனக் கணிக்கப்படுகிறது.

இரண்டாவது சான்று இராசத்தானில், சித்தூருக்கு அருகில் கிடைத்தது. கோசுண்டி, ஹாதிபாடா ஆகிய இடங்களில் ஒரே வாசகத்தின் சிதைந்த படிகள் கிடைத்தன. அவற்றை ஒப்பிட்டே வாசகம் மீட்கப்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட இவ்வடமொழிக் கல்வெட்டு, அசுவமேத வேள்வி செய்த சர்வதாதன் என்னும் அரசன், சங்கர்ஷணனுக்கும் வாசுதேவனுக்கும் உரிய வழிபாட்டிடத்திற்குக் கல்மதில் எடுப்பித்ததைக் கூறுகிறது.

மூன்றாவது, மராட்டியத்தின் மலைக்கணவாயாகிய நானேகாட்டில் உள்ளது. சாதவாகன அரசி நாகனிகையினது எனக் கொள்ளப்படும் இப்பிராகிருதக் கல்வெட்டும் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படுவது. தருமம், இந்திரன், சங்கர்ஷண வாசுதேவர், திங்கள், ஞாயிறு, திசைக்காவலர் ஆகியோரை வணங்கித் தொடங்கி, செய்த வேள்விகளையும் அவற்றில் ஈந்த பசு, குதிரை, யானை, காசு முதலியவற்றையும் அது எண்ணிச் சொல்கிறது.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, கி.மு. முதல் நூற்றாண்டு முடிவதற்குள் இவ்வழிபாடு தொலைவான பல பகுதிகளில் வேரூன்றியிருந்தது; வேற்று மரபில் பிறந்த ஒருவரும் அதில் இடம்பெற்றார். இரண்டாவது, வேத வேள்வி மறைந்த பின்னரே பக்தி வழிபாடு தோன்றியது என்னும் எளிய வரிசை பொருந்தாது. வேள்வி செய்த அரசனே மதிலும் எடுப்பித்தான். வேள்விகளைப் பதிந்த அரசியின் கல்வெட்டே சங்கர்ஷண வாசுதேவரையும் வணங்கியது.

கல் சொல்லாதவற்றையும் நாம் மறத்தலாகாது. வழிபாடு இக்காலத்திற்குள் இருந்தது என்பதற்கே கல்வெட்டு சான்று. அது தோன்றிய நாளைக் கல்வெட்டு காட்டாது. ஹெலியோடோரஸ் தூணை நிறுவியது உள்ளப் பற்றினாலா, தூதருக்குரிய நயத்தினாலா என்பதையும் அது கூறாது. கல்லில் எழுதச் செய்யும் வளம் படைத்தோர் சிலரே; உழவரும் ஆயரும் எவ்வாறு வழிபட்டனர் என்பது இவ்வாசகங்களில் இல்லை.

தமிழ் மாணவர்க்கு இச்சான்றுகள் வேறொரு பயனும் தருவன. கோசுண்டியிலும் நானேகாட்டிலும் சங்கர்ஷணன் பெயரே முன்னே நிற்கிறது. மூத்தவன் முதலில், இளையவன் பின்னர். புறநானூற்றின் 58ஆம் பாடலில், ஒருங்கிருந்த சோழனையும் பாண்டியனையும் இவ்விரு தெய்வங்களோடு ஒப்பிடும் காரிக்கண்ணனாரும் பனைக்கொடி உடையவனையே முதலில் கூறுகிறார். 56ஆம் பாடலும் பனைக்கொடியோனை முன்னும் புட்கொடியோனைப் பின்னும் வைக்கிறது. பெஸ்நகரில் நின்றது கருடத் தூண். பனை வடிவில் செதுக்கிய தூண்தலைப்பு ஒன்றும் அவ்வூரில் கிடைத்துள்ளது. வடக்கே கல்லில் நின்ற அடையாளங்களே தெற்கே பாட்டில் கொடிகளாக விளங்குகின்றன. இதனால் யார் யாரிடமிருந்து பெற்றார் என்று முடிவுகட்ட இயலாது. எனினும் இருவரையும் இணையாக, அதே வரிசையில் போற்றும் மரபு இரு நிலங்களிலும் வழங்கியது என்பது தெளிவு. பிற்காலத்தில் கண்ணன் வழிபாடு ஓங்க, பலராமன் பின்னிடத்திற்குச் சென்றான். அம்மாற்றத்திற்கு முந்திய நிலையைப் பாட்டும் கல்லும் ஒருசேரக் காத்துள்ளன.

வகுப்பறையில் ஒரு கல்வெட்டைக் கற்பிக்கும்போது மூன்று வினாக்களை முறையே எழுப்பலாம். அது என்ன சொல்கிறது? அதன் காலம் எதனால் துணியப்பட்டது? அது எதைச் சொல்லவில்லை? முதல் வினாவோடு நின்றுவிட்டால் பெருமிதமே மிஞ்சும். மூன்றையும் கேட்கப் பழகிய மாணவர், தம் சமயத்தின் தொன்மையைக் கூட்டியும் உரையார்; பிறர் குறைத்துக் கூறுவதையும் ஏற்கார்.