கணினியின் மந்தமும் அது தீரும் வழியும்

மலையகத் தோட்டங்களிற் கணினி இல்லப் பொருளாயமை அண்மைக்காலச் செய்தியாகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, தோட்டத்து மாணவர் இணையத் தொடர்பு தேடி மேட்டுநிலங்களில் ஏறியமையை நாடறியும். அதன்பின், வீட்டில் ஒரு மடிக்கணினியேனும் வேண்டும் என்னும் எண்ணம் லயத்து அறைகளிலும் வேரூன்றலாயிற்று. அவ்வாறு வாங்கப்பெறுவனவற்றுட் பல, பிறர் பயன்படுத்திக் கழித்தவையே. அவை மந்தமுறும்போது, புதியது வாங்குக என்னும் அறிவுரை எளிதிற் கிடைக்கின்றது. நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கோ அதற்கான பணம் எளிதிற் கிடைப்பதன்று. ஆதலின், சேமிப்பைக் கரைக்குமுன் மந்தத்தின் காரணத்தை ஆராய்தல் நம் கடனாகும். நோயையும் அதன் மூலத்தையும் தெளிந்த பின்னரே மருந்தை நாடவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி, இப்பொறிக்கும் பொருந்தும்.

கணினியின் வேகம் சிறப்பாக மூன்று உறுப்புகளைப் பொறுத்தது. அவை கணிப்பைச் செய்யும் முறைவழியாக்கி, செய்பொருளை அவ்வேளைக்குத் தாங்கும் ராம் எனப்படும் பிரதான நினைவகம், யாவற்றையும் நிலையாகச் சேமிக்கும் வன்தட்டு என்பன. நாம் நன்கறிந்த தேயிலைத் தொழிற்சாலையை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். கொழுந்து மடுவம் வன்தட்டைப் போன்றது. வாட்டுந் தட்டுகள் நினைவகத்தைப் போன்றவை. உருட்டும் பொறி முறைவழியாக்கியைப் போன்றது. வாட்டுந் தட்டில் இடமில்லையாயின், உருட்டும் பொறி எத்துணை விரைவுடையதாயினும் வாளா இருத்தலன்றி வேறு வழியில்லை.

இக்காத்திருப்பின் அளவைக் கணக்கிட்டு அறியலாம். நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் வன்தட்டு ஒருமுறை சுழல ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய இடம் முனையின்கீழ் வருவதற்குச் சராசரியாக அதிற் பாதி கழியும்; முனை நகர்வதற்குரிய நேரத்தையுங் கூட்டின் ஏறத்தாழ 15 மில்லிசெக்கன் எனலாம். செக்கனுக்கு 300 கோடித் துடிப்புடைய முறைவழியாக்கிக்கு அந்நேரத்தில் 4 கோடியே 50 இலட்சம் துடிப்புகள் கழிந்துவிடும்! நினைவகம் நிரம்பியபொழுது நிலைச் சேமிப்பகத்தின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தும் மெய்நிகர் நினைவக முறை, 1962இல் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கத்தொடங்கிய அட்லஸ் கணினியிற் கையாளப்பட்டது. அம்முறை இன்றும் பயன்படுவதே. ஆயின், நினைவகம் மிகச் சிறிதாயின், பொருள்களை மாற்றி மாற்றி எடுத்துவைப்பதிலேயே கணினியின் காலம் கழியும். மந்தம் என நாம் காண்பது பெரும்பாலும் இதுவே.

இனி மருந்தைக் காண்போம். விண்டோஸ் கணினியில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, மூன்று உறுப்புகளுள் எது 100 வீதத்தை நெருங்குகின்றது என முதலில் நோக்குக. அடுத்து, கணினி எழும்போதே தாமாக எழும் மென்பொருள்களுட் தேவையற்றவற்றை நிறுத்துக, பயன்படாதவற்றை நீக்குக, நச்சுநிரல் உளதா எனச் சோதிக்க. வன்தட்டு முற்றும் நிரம்பவிடாது ஓரளவு இடம் ஒழித்து வைக்க. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. ஒரு நொடியில் வேகத்தைப் பெருக்குவோம் என விளம்பரஞ் செய்யும் மென்பொருள்களை நம்பற்க; அவையும் நினைவகத்தில் இடங்கொள்வனவே.

குளிர்நாட்டிற் கணினி சூடேறாது என்பார் உளர். அது முற்றும் உண்மையன்று. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தினதில் ஐந்தில் நான்கு பங்களவினதே. அடர்த்தி குறைந்த காற்று வெப்பத்தையும் குறைவாகவே கொண்டுசெல்லும். விறகடுப்பின் கரி விசிறியிற் படியும். கம்பளியின்மேல் வைத்த மடிக்கணினியின் காற்றுத்துளைகள் அடைபடும். சூடு மிகுந்தால் முறைவழியாக்கி தன்னைக் காத்தற்பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே கணினியைப் பலகைமேல் வைப்பதும், விசிறியைத் துப்புரவு செய்விப்பதும் தக்க மருந்தாம்.

இவற்றாலும் மந்தம் தீராவிடின் செலவு செய்யலாம். சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துதல் சாலச் சிறந்தது. அதிற் சுழலும் பாகம் இன்மையின், வேண்டிய பொருளை 0.1 மில்லிசெக்கன் அளவிலேயே எடுத்துத்தரும். 4 ஜிகாபைற்று நினைவகத்தை 8 ஆக்குவதும் பயன்தரும். எனினும் சில மடிக்கணினிகளில் நினைவகத்தை மாற்ற இயலாது என்பதை முன்னரே கேட்டறிக. மாற்றுமுன், பாடக்குறிப்புகளையும் சான்றிதழ்ப் படிகளையும் வேறிடத்திற் படியெடுத்தல் இன்றியமையாதது.

விண்டோஸ் 10இற்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 11ஐ ஏலாத பழைய கணினிகளில், 1991இல் தோன்றிய லினக்ஸ் வழிவந்த எளிய முறைமைகளை விலையின்றி நிறுவலாம். தமிழிலும் எழுதலாம், படிக்கலாம்.

பழையது என்பதனால் ஒரு பொருள் பயனற்றதாகிவிடாது. காரணமறிந்து பேணப்பட்ட கணினி, லயத்து மாணவன் ஒருவனைப் பரீட்சை வரையிலும் அதற்கப்பாலும் கொண்டுசெல்லும். அதனால் மிஞ்சும் பணம் அவன் கல்விக்கே உதவுமன்றோ?